இருபத்தோராம் நாள் அளவு

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வாயில் தெர்மாமீட்டருடன் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏற்றிவந்த காய்ச்சல்காரரிடம் எந்த ஊருக்குப் போய்வந்தார் என்று வாசலிலேயே விசாரித்து, இது அந்தப் புது வைரஸ்தான் என்று கண்டுகொண்ட அவசரப் பிரிவு நர்ஸ்தான் ஓட்டுநரையும் கையோடு தனியறையில் போட்டவர். இன்று இருபத்தோராம் நாள். இந்தக் கடைசி அளவு சரியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். வெளியே காலை வெயிலில், இஸ்திரி போட்ட சட்டையோடு மனைவி. தெர்மாமீட்டர் கீச்சிடுகிறது. நூற்றியொன்று. காய்ச்சல். மனைவியின் கையில் சட்டை கசங்குகிறது. கவச உடைக்குள் வியர்த்தபடி குனிந்த நர்ஸ், நாற்காலிக்கடியில் ஆவி பறக்கும் தம்ளரைப் பார்க்கிறார். “அண்ணே, டீ குடிச்சீங்களா?” “வீட்டுக்குப் போற சந்தோஷத்துல ரெண்டு மடக்கு…” “வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்களே!” கால் மணி நேரம் மூவரும் சுவர்க் கடிகாரத்தையே பார்க்கிறார்கள். மறுபடி கீச். தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. மனைவி சிரித்துக்கொண்டே, கணவர் தலை தெரியும் இடமாகப் பார்த்துக் கண்ணாடியில் ஓங்கி ஒரு குட்டு வைக்கிறார். கதவு திறக்கிறது. ஓட்டுநர் நேராக வந்து மனைவி முன்னால் தலையைக் குனிகிறார். “கண்ணாடிக்கு என்ன தெரியும்? இங்க வை.”