விடியற்கால ஜெபம்

"இந்த மழையிலயும் வந்துட்டீங்களாண்ணா? உங்கள மாதிரி ஜெப மனுசன் இந்தச் சபையில வேற யாரு கீறாங்க!" என்றபடி உபதேசியார் ஸ்டீவன் ஆலயக் கதவைத் திறந்துவிட்டார்.

எட்வர்ட் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, முன்வரிசைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய விடியற்கால ஜெபம் அது. நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களுமாகப் பெஞ்சு கொள்ளாமல் உட்கார்ந்த காலம் உண்டு. இப்போது வாசிக்க ஸ்டீவன், கேட்க எட்வர்ட். அவ்வளவுதான்.

ஸ்டீவன் சங்கீதம் வாசித்தார். எட்வர்ட் கண்ணை மூடி, கைகளைக் கோத்துக்கொண்டார். உள்ளே ஒரு வார்த்தைகூட எழவில்லை. மனைவி சலோமியைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். மகன் பஹ்ரைனில். வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவி. அது பேசும், இவர் பேசுவதைக் கேட்காது. 'கர்த்தாவே' என்று தொடங்கினால் அதற்குமேல் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் முகத்தை மட்டும் ஜெபிக்கிற முகமாக வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். ஸ்டீவன் புகழும்போதெல்லாம் உடம்பு கூசியது.

இனி முடியாது. இன்று சொல்லிவிட வேண்டும்.

ஆசீர்வாதம் கூறி ஸ்டீவன் பைபிளை மூடினார்.

"தம்பி, நாளையிலேருந்து நான் வர்ல."

"இன்னாண்ணா, ஒடம்புக்கு முடியலியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சலோமி போனதுலேருந்து நான் ஜெபமே பண்றதில்ல. கண்ண மூடிக்கினு சும்மா ஒக்காந்துனு கீறேன். எல்லாம் வேஷம்."

ஸ்டீவன் திகைத்துப் பார்த்தார். "அப்புறம் ஏண்ணா தெனம் வந்தீங்க?"

"நானும் வர்லன்னா நீ வெறும் பெஞ்சுக்குத்தான் வாசிச்சினு இருப்ப. ஆளே இல்லன்னு ஜெபத்த நிறுத்திட்டாங்கன்னா உன் மனசு ஒடஞ்சி பூடும். அதான்..." எட்வர்ட் கோத்திருந்த கைகளைப் பிரித்தார். "தப்புதான். ஆண்டவர் சன்னிதியில போயி இவ்ளோ நாளா நடிச்சினு இருந்துட்டேன்."

விளக்கை அணைக்கப் போன ஸ்டீவன் பாதியிலேயே நின்றார். திரும்பி வந்து, எட்வர்டின் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடியற்கால ஜெபத்தச் சபைக் கமிட்டியில போன வருசமே நிறுத்திட்டாங்கண்ணா. உங்க காதுல மட்டும் போட வேணான்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கினேன். ஊட்ல ஒண்டியா கெடக்குற மனுசன், கொஞ்ச நேரமாச்சும் இன்னொரு மனுசன் கொரலக் கேக்கட்டும்னு, உங்க ஒருத்தருக்காகத்தான் தெனம் வந்து கதவத் தொறக்கறேன்."