கப்பலில் பொட்டுக்கடலை

சாப்பாட்டு மேசையில் நீலத் துணியை விரித்ததும் அது கடலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சடகோபனும் அவன் நண்பன் அமலதாசும் அங்கே இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய போர்களைப் பொம்மைகளை வைத்து ஆடுவார்கள். இன்று சடகோபன் வெள்ளைக்காரத் தளபதி. கப்பலிலிருந்து ஈயச் சிப்பாய்களைக் கரையிறக்கி, கோட்டையிலிருந்து அமலதாசின் படை வருவதற்குள் மீனவக் குப்பத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். தீப்பெட்டிகளை ஒட்டி அந்தக் குப்பத்தைச் செய்தவனும் சடகோபன்தான்.

"உன் கப்பல் படகு இந்த அலையில கவுந்துடும்," என்றான் அமலதாஸ். "குப்பத்துக்காரங்க படகுதான் கரை ஏறும். தன் வீட்டைக் கொளுத்த அவன் ஏன் துடுப்புப் போடணும்?"

சடகோபன் யோசிக்கவே இல்லை. "மீன் பிடிக்க வர்றவங்களைக் கடல்லயே மடக்கிடுவேன். கூட வந்த பிள்ளைங்களைக் கப்பல்ல பிடிச்சு வச்சுக்கிட்டா அப்பன்காரன் தானா துடுப்புப் போடுவான்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அமலதாஸ் மறுக்கவில்லை. "நடக்கும்," என்றான். "பிள்ளைங்களா வைக்கப் பொம்மை இருக்கா?"

பெட்டியில் சிப்பாய்கள் மட்டுமே இருந்தார்கள். அமலதாஸ் கொறிக்க வைத்திருந்த கிண்ணத்திலிருந்து பொட்டுக்கடலையை எடுத்து, ஒவ்வொன்றாகக் கப்பலின் தளத்தில் வைத்தான்.

காப்பி கொண்டுவந்த சடகோபனின் மனைவி இந்திரா குனிந்து பார்த்தாள். "கப்பல்ல எதுக்குங்க பொட்டுக்கடலை?"

அமலதாஸ் சடகோபனைப் பார்த்தான்.

"சும்மாதான்," என்ற சடகோபன், கப்பலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

"ஆறிடப் போகுது, பிடிங்க," என்று அவள் டம்ளரை நீட்டினாள். அவன் கையை எடுக்கவில்லை.