காலர் அழுக்கு

“அம்மிணி, சித்த நில்லு. இந்தச் சட்டை ஆருது?”

கொடியில் கடைசித் துணியை விரித்துக்கொண்டிருந்த வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். வீட்டுச் சொந்தக்காரி கண்ணாத்தாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள்.

“என்ர ஊட்டுக்காரர் சட்டைங்கக்கா. நேத்து ராத்திரி வந்து கழட்டிப் போட்டுட்டு, விடியறதுக்குள்ள போர் வண்டிக்குப் போயிட்டாருங்க.”

“கிணத்துக்குப் போர் போடற லாரியில வேலை செய்யறவன் சட்டையா இது? ஒரு சேத்துக்கறை இல்ல, ஒரு கிரீசு இல்ல.”

“மண்ணெண்ணெய் தொட்டுத் தேச்சா கிரீசு போயிருமுங்க. சேத்துக்கறைக்கு எலுமிச்சம்பழத் தோலுங்க.”

பதில் தடங்கலில்லாமல் வந்தது. வராமல் என்ன, ஐந்து மாதமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில்தானே!

திருச்செங்கோட்டில் அந்தச் சந்துக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு ஓட்டு வீடுகள். முன்வீட்டில் கண்ணாத்தாள், பின்வீட்டில் குடித்தனக்காரர், நடுவில் ஒரு கிணறும் இரண்டு துணிக்கொடியும். குடி வைக்கும்போதே கண்ணாத்தாள் கறாராகச் சொல்லியிருந்தாள்: “ஆம்பளை இல்லாத குடும்பத்துக்கு நாங்க ஊடு உடறதில்ல. எங்கூட்டுக்காரருக்குப் புடிக்காது.”

அந்த ஊட்டுக்காரர் வெள்ளியங்கிரி, வெளியூர் லாரி ஓட்டுகிறவர். மகா முரடர், கை நீட்டினால் கேள்வி முறை கிடையாது என்று சந்து முழுக்கப் பேச்சு. அவர் பேருக்குப் பயந்தே வெட்டிப்பயல்கள் அந்தப் பக்கம் சைக்கிள் மணி அடிக்க மாட்டார்கள். வசந்தாமணி அந்த வீட்டைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான்.

அவளுக்கு ஆம்பளைத் துணை இல்லை. புருஷன் மயில்சாமி மூன்று வருடத்துக்கு முன்பு போர் வண்டியில் வேலைக்கென்று போனவன், போனவன்தான். அதற்குப் பிறகு குடியிருந்த இரண்டு வீட்டிலும் கண்டவன் வந்து கதவைத் தட்டினான். பகலெல்லாம் தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றிவிட்டு, எட்டு வயது மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்மூடாமல் கிடந்தாள். இந்த வீடும் போனால் மகளோடு எங்கே போய் நிற்பது? அதனால்தான் மயில்சாமி விட்டுப்போன இரண்டு சட்டையையும் ஒரு லுங்கியையும் ஞாயிறு தவறாமல் துவைத்து, சந்துக்குத் தெரிகிற மாதிரி விரித்துப் போட்டாள்.

கண்ணாத்தாள் கிட்டே வந்து சட்டையின் காலரைப் புரட்டினாள்.

“சட்டை வெளுத்துப்போச்சு. காலர் மட்டும் கடையில வாங்கினாப்பல இருக்குது, எப்படி?”

“பிரஷ் போட்டுத் தேய்ப்பனுங்க.”

“தேச்சா நூலு பிரியோணுமில்ல? எதுத்தூட்டுப் பாப்பாயி நேத்துக் குழாயடியில எல்லாருக்கும் கேக்கறாப்பல கேக்கறா, ‘உங்க குடித்தனக்காரனுக்குக் கழுத்தே வேர்க்காதா’ன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

வசந்தாமணி காலி வாளியை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தாள்.

“அங்க பாரு, எங்கூட்டுக்காரர் சட்டைய.” அடுத்த கொடியில் காக்கிச் சட்டை ஒன்று தொங்கியது. காலரில் கறுப்பாக ஒரு வரி, கை மடிப்பில் கிரீசு. “ஆம்பளை சட்டைன்னா அப்படி இருக்கோணும். எத்தனை அடிச்சுத் தொவைச்சாலும் போகாது. இந்தச் சேதி அவர் காதுல உழுந்தா என்ன ஆகும் தெரியுமா?”

அதற்குமேல் வசந்தாமணியால் முடியவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு போயி மூணு வருசமாச்சுங்கக்கா. இருக்காரா, இல்லையான்னுகூடத் தெரியாதுங்க. உங்ககிட்டப் பொய் சொன்னது தப்புத்தானுங்க. புள்ளைக்குப் பரீச்சை முடியறமுட்டும் இருக்க உடுங்க. பொறவு நானே காலி பண்ணிட்டுப் போயிடறேன்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையைவிட அவமானம் பெரிதாக இருந்தது.

கண்ணாத்தாள் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மொதல்ல அந்தச் சட்டையக் கொடியில இருந்து எடு. பாப்பாயி வெளிய வர்ற நேரம்.”

வசந்தாமணி எழுந்து எடுத்தாள்.

“தொவைக்கறதுக்கு முன்னால ரெண்டு நாளு நீயே போட்டுக்கோணும். கதவைச் சாத்திக்கிட்டு, ஊட்டுக்குள்ளதான். அடுப்பு ஊதறப்ப, மாவாட்டறப்ப போட்டீன்னா கழுத்துல வேர்வை தானா ஏறும். தொவைக்கறப்ப காலர் பக்கம் பிரஷ்ஷக் கொண்டு போகாதே. கிணத்து உருளைக்குன்னு சொல்லி லாரிப் பட்டறையில கொஞ்சம் கிரீசு வாங்கிக்க. கை மடிப்புல தடவு, நெஞ்சுல தடவாதே, ஆரும் நம்ப மாட்டாங்க. எப்பவாச்சும் ஜோப்புல ஒரு பஸ் டிக்கெட்டைப் போட்டுத் தொவை.”

வசந்தாமணிக்கு ஒன்றும் ஓடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பயந்து பயந்து கேட்டாள்:

“உங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா சும்மா உடுவாருங்களாக்கா?”

“அந்தாளு சட்டைய ஒம்போது வருசமா நாந்தான் அழுக்குப் பண்ணிக்கிட்டிருக்கறேன்” என்றாள் கண்ணாத்தாள்.