பித்தளை மூடி

"பித்தளையிலேயே போடுங்க அக்கா. தங்கம் மாதிரி தகதகன்னு இருக்கணும்."

கிட்டாரை மேஜைமேல் வைத்துவிட்டு அந்த ஆள் இப்படிச் சொன்னதும், கிட்டார் ரிப்பேர் செய்கிற அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. சட்டை பளபள, ஷூ பளபள. மனதுக்குள் அவருக்கு 'மினுக்கர்' என்று பெயரும் வைத்தாயிற்று.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கிற பிக்கப்தான் அதன் காது. மினுக்கரின் கிட்டாரில் இரண்டு பிக்கப்பும் மூடி இல்லாமல் கறுப்பாகத் தெரிந்தன. மூடி போடுவது தப்பில்லை. மெல்லிய நிக்கல் மூடி என்றால் சத்தம் அப்படியே இருக்கும். பித்தளை போட்டால் கூர்மை செத்து, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். நேற்று கிட்டார் வாங்கியவர்கள்தான் மினுக்கலில் மயங்கிப் பித்தளை கேட்பார்கள். இவரோ இருபது வருஷமாக மேடையில் வாசிக்கிறவராம்.

அக்கா எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். மினுக்கர் பிடித்த பிடியை விடவில்லை.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரித்தாள். அவள்தான் அவர்கள் குழுவின் பாடகி.

"எங்க கல்யாண போட்டோவைப் பாக்கணுமே நீங்க. இவர் சட்டைதான் மின்னும். நான் எங்கேயோ ஓரத்துல நிப்பேன்."

குரல் கரகரவென்று தணிந்து வந்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதமாம். வருகிற சனிக்கிழமைதான் மறுபடி மேடை ஏறப் போகிறாள். அதைச் சொல்லும்போது அவள் கை தானாகக் கழுத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டது.

வேறு பழுது இருக்கிறதா என்று பார்க்க, அக்கா கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டிக் கொடுத்தாள். சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்க கிட்டாரிலேயே ஒரு குமிழ் உண்டு. மினுக்கர் அதை லேசாகக் குறைத்துவிட்டு வாசிக்கப் போனார். மனைவி சட்டென்று கையை நீட்டி, குமிழைத் திரும்ப முழு அளவான பத்துக்கே ஏற்றிவிட்டாள். அவர் அப்படியே வாசித்தார்.

அவர்கள் போன பிறகும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. பெண்டாட்டி செத்துப் பிழைத்து வந்து மேடை ஏறுகிறாள், இந்த மனுஷனுக்கு மினுக்கல் கேட்கிறது. அவள் பாடும்போது கூடவே மொண்ணையாக வாசித்துக் காரியத்தைக் கெடுக்கப் போகிறாரா?

அதனால் அக்கா ஒரு வேலை செய்தாள். தங்க முலாம் பூசிய நிக்கல் மூடிகள் இரண்டை எடுத்தாள். பார்வைக்கு அசல் பித்தளைதான். உள்ளே உருகிய மெழுகை விட்டு, பிக்கப்பின்மேல் கவிழ்த்து இறுக்கி, ஓரத்தில் இரண்டே இடத்தில் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தாள். சூடு கொஞ்சம் கூடினாலும் உள்ளே இருக்கிற செம்புச் சுருள் போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்தோம் என்று திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மினுக்கர் மட்டும் உள்ளே வந்தார். மனைவி வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். மூடிகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி ஒரு தடவை மீட்டினார். கணீரென்று கேட்டது. அவர் முகம் விழுந்துவிட்டது.

"இது பித்தளை இல்லையே அக்கா."

"நிக்கல்தான், தங்க முலாம் போட்டது. மின்னவும் மின்னும், சத்தமும் குறையாது" என்றாள் அக்கா பெருமையாக. "அந்தம்மா திரும்பப் பாட வர்ற நேரத்துல மொண்ணையா வாசிச்சா நல்லாவா இருக்கும்?"

மினுக்கர் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவளுக்கு முன்ன மாதிரி குரல் எழும்பலை அக்கா. அப்பெல்லாம் என் கிட்டாரையே அமுக்கிட்டுப் பாடுவா. போன வாரம் ஒத்திகையில மூணு தடவை பாதியிலயே நிறுத்திட்டா. 'எனக்கே என் குரல் கேக்கலை'ன்னு போய் தனியா உட்காந்துட்டா. நான் சத்தத்தைக் குறைச்சா, 'என்னைப் பாவம் பாத்துக் குறைச்சீங்கன்னா மேடையை விட்டே இறங்கிடுவேன்'னு சொல்றா. ஒரு தடவை இறங்கினா அப்புறம் ஏற மாட்டா. அவ கையால திருப்ப முடியாத ஒண்ணு வேணும்னுதான் பித்தளை கேட்டேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"அவ பக்கத்துலயே நின்னாளே."

அக்காவுக்கு மனதுக்குள் வைத்த பெயரை நினைத்து வெட்கமாக இருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணினாள்.

மனைவி உள்ளே வந்தாள். இன்னும் முடியவில்லையா என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்த மினுக்கல் போதலையாம்" என்றாள் அக்கா, நிமிராமலே. "வேற மாத்தறேன்."

"அதானே பார்த்தேன்" என்று அவள் சிரித்தபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்தில் அசல் பித்தளை ஏறியது. மினுக்கர் வாசித்தார். மனைவி முதலில் குமிழைத்தான் பார்த்தாள். அது பத்திலேயே இருந்தது. பிறகு மெதுவாக ஒரு வரி பாடினாள். சற்று நின்றாள். அதே வரியை மறுபடி பாடினாள். குரல் கிட்டாருக்கு மேலே தனியாகத் தெரிந்தது.

"கேட்டீங்களா அக்கா?" அவள் கண் கலங்கியிருந்தது. "இவர் ஒண்ணும் குறைக்கலை. என் குரல் திரும்ப வந்துடுச்சு."

மினுக்கர் அதைக் காதில் வாங்காதவர் போல, சட்டைக் கையால் மூடியை இன்னும் பளபளப்பாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.