இரண்டரைப் பக்கம்

மனைவி எழுதியது இரண்டரைப் பக்கம், பத்துக்கு எட்டு. அவன் எழுதியது ஏழு பக்கம், நாலரைதான். அது எப்படி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இருவரும் எழுதப்போகும் மருத்துவ மேற்படிப்பின் இறுதித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கிறது; சென்ற வருடம் அதில் தோற்றவன் அவன். கேள்வி சிறுநீரகச் செயலிழப்பு பற்றியது; அதை அவளுக்கு விளக்கியவனும் அவன்தான். மதிய வெயில் மேசைமேல் கிடக்கும் இரண்டு மாதிரித் தேர்வு விடைத்தாள்களிலும் ஒரே அளவாக விழுகிறது. அவள் எதிரே ஆரஞ்சு உரிக்கிறாள். தோல் கிழியும் சத்தம்கூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன, என் பேப்பரை எக்ஸ்ரே மாதிரி தூக்கிப் பாக்கறீங்க?"

"சும்மாதான்."

"வயிறு எரியற வாடை இங்க வரைக்கும் வருது, டாக்டர்."

அவன் தாளை இன்னும் உயர்த்துகிறான். வெளிச்சத்தில், அவளுடைய தாளின் ஓரத்தில் அழித்தும் போகாத பென்சில் கோடுகள் தெரிகின்றன. வினாத்தாளைப் பக்கத்தில் இழுத்துவைக்கிறான். காரணங்களுக்கு இரண்டு, பரிசோதனைகளுக்கு மூன்று, சிகிச்சைக்கு ஐந்து என்று மதிப்பெண் பிரித்திருக்கிறது. அவனோ தனக்கு நன்றாகத் தெரிந்த காரணங்களையே ஆறு பக்கம் எழுதி, சிகிச்சையை நாலு வரியில் முடித்திருக்கிறான். அவள் எழுதுமுன்பே கோடு போட்டு இடம் ஒதுக்கி, இடம் தீர்ந்ததும் நிறுத்தியிருக்கிறாள்: ஒரு மதிப்பெண்ணுக்குக் கால் பக்கம்.