சார்ஜே போடாத பட்டன்

இதை எனக்கு முதலில் சொன்னது லிங்கராஜபுரத்து கிரேஸ். போன பெரிய வெள்ளியன்று, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில். அவள் மகன் டேரிலுக்கு வேலை போக இருந்த கதை.

"சிப்பு சரியில்ல சார். இந்தச் சரக்கு வெளிய போகக் கூடாது" என்றான் டேரில்.

முதலாளி ரகுராம் சிரித்தார். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். புரோகிராம் எழுதினது நீ. பேட்டரி தீந்தா பழி சிப்பு மேலயா?"

அவர்கள் கம்பெனி செய்வது, வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு பட்டன். பெயர் 'கூடவே'. கீழே விழுந்தாலோ மூச்சு அடைத்தாலோ அமுக்கினால் போதும், பிள்ளையின் போனில் மணி அடிக்கும். உள்ளே பொட்டு அளவில் ஒரு பவர் சிப். பேட்டரியில் இருக்கிற கொஞ்சக் கரண்டை வேலையில்லாத நேரத்தில் இழுத்துப் பிடித்து, வேலை வரும்போது எடுத்துக் கொடுப்பது அதன் பொறுப்பு. கெட்டிக்கார மருமகள் மளிகைச் சாமானைப் பார்த்துக்கொள்கிற மாதிரி.

ஆனால் புதிதாக வாங்கிய சிப்புகள் ஊதாரி. ஒரு மாதம் வரவேண்டிய பேட்டரி இரண்டு நாளில் காலி. டேரில் மீட்டர் வைத்தே பார்த்துவிட்டான். பட்டன் தூங்குகிற நேரத்திலும் சிப் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கிறது.

ரகுராமுக்கு அது காதில் ஏறவில்லை. மலிவு என்று அந்தச் சிப்பைத் தேடிப் பிடித்தவரே அவர்தான்.

"எங்கம்மா கழுத்துல இருக்கறதும், சாம்பிளா வந்த இதே சிப்பு போட்ட பட்டன்தான். ஆறு மாசமாச்சு. ஒரு தடவைகூட சார்ஜ் போடல. அதுக்கு என்ன சொல்றே?"

ரகுராமின் அம்மா மங்களம் மல்லேஸ்வரத்தில் தனியாக இருக்கிறார். விளம்பரத்தில் இருப்பதும் அவர் படம்தான். பக்கத்தில் கைகூப்பியபடி ரகுராம்.

"நல்ல சிப்பே ஒரு மாசம்தான் வரும். அது ஆறு மாசம் ஓடுதுன்னா, அம்மா ஆசீர்வாதத்துல ஓடுதோ என்னமோ" என்று முணுமுணுத்தாள் பக்கத்து மேஜை இளவேனில். "சும்னே இரு டேரில். வாயைக் குடுத்து வேலையை விட்றாத."

அவன் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்தப் பட்டனையே பாக்கணும் சார்."

"தாராளமா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நீயே பாரு. நல்லா இருந்துச்சுன்னா, நீ வேற இடம் பாத்துக்க."

தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த சமயம். அன்று டேரில் தட்டில் கை வைக்கவில்லை. கிரேஸ் முழங்கால் போட்டவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் டிரைவர் மல்லேஸ்வரம் போய்ப் பட்டனை வாங்கி வந்தான். மீட்டிங் ரூம் நிறைய ஆட்கள். மொத்தமாகச் சரக்கு எடுக்க வந்திருந்த முதியோர் இல்லத்துக்காரர்களையும் ரகுராம் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அம்மா, பட்டனுக்கு எத்தனை தடவை சார்ஜ் போட்டீங்க?"

"ஒரு தடவையும் இல்லப்பா. சிவப்பு லைட் எரிஞ்சா போடுங்கன்னு, கொண்டாந்து குடுத்தப்ப டிரைவர் சொன்னான். எரியவே இல்ல. குளிக்கிறப்பகூட நான் கழட்டறதில்ல, நீ அனுப்பினதாச்சே. இன்னைக்கு நீயே வருவேன்னு காபிக்குப் பால் வெச்சேன். டிரைவர்தான் வந்தான்."

"சரிம்மா, லைன்லயே இருங்க. எல்லாரும் கேட்டீங்கல்ல?"

கைதட்டினார்கள்.

டேரில் மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தான். பேட்டரி நிறைந்திருந்தது. கரண்ட் துளிகூடப் போகவில்லை.

"என்னப்பா, சிப்பு குடிக்குதா?" என்றார் ரகுராம். இரண்டு பேர் சிரித்தார்கள்.

டேரில் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். தூங்குகிறவனுக்கும் மூச்சு இருக்குமே. இதில் மூச்சே இல்லையே.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கடையில் கிடக்கும்போது பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று, கரண்டே போகாதபடி சிப்பைப் பூட்டித்தான் பெட்டியில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் யாராவது பட்டனைக் கொஞ்ச நேரம் விடாமல் அமுக்கிப் பூட்டைத் திறந்துவிட வேண்டும். அதுவரை அது வெறும் பிளாஸ்டிக்.

டேரில் பட்டனை அமுக்கி, விடாமல் பிடித்தான்.

நீல விளக்கு எரிந்தது. ஒரு குரல் பேசியது. பூட்டைத் திறக்கும்போது ஒரே ஒரு தடவை வருகிற குரல், ரகுராமே பேசிப் பதிந்தது.

"வாழ்த்துகள். உங்கள் 'கூடவே' இன்று முதல் விழித்திருக்கிறது. இனி நீங்கள் தனியாக இல்லை."

யாரும் கைதட்டவில்லை. முதியோர் இல்லத்துக்காரர் ஒருவர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். சரக்கு அன்று வண்டி ஏறாது என்று டேரிலுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்பீக்கரில் மங்களத்தின் குரல் மட்டும் வந்தது.

"ரகு, அது பேசுமாப்பா? உன் குரல் மாதிரியே இருக்கே. போன மாசம் பாத்ரூம்ல விழுந்தப்ப டொக்கு டொக்குன்னு எத்தனையோ தரம் தட்டிப் பாத்தேன், ஒண்ணுமே பேசல. நீ மீட்டிங்ல இருப்பேன்னு, நானே சுவத்தைப் பிடிச்சு எந்திரிச்சுட்டேன்."

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அம்மாவுக்கு எதையாவது வாங்கி அனுப்பியிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அது வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.