குளத்துக்குள் வந்த முருங்கை

ஒரு பண்ணைக் குளத்தில் செவ்வந்தி என்றொரு ரோகு மீன் இருந்தது. அதன் விலாவில் புண் வந்து, நீந்தக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று. அதே புண் வந்த ஏழெட்டு மீன்கள் ஏற்கெனவே செத்து மிதந்திருந்தன.

ஒருநாள் தீவனம் பச்சை நிறத்தில், இலை வாடையோடு விழுந்தது.

"இதென்ன, ஆட்டுக்குப் போடுற தழையா? மீனாப் பொறந்தவன் இதைத் தின்பானா?" என்று கட்லா மீன் மருதன் துப்பிவிட்டது.

"எனக்குப் பசிக்குது அண்ணே," என்று செவ்வந்தி தின்றது. மறுநாளும் தின்றது. பத்தே நாளில் புண் ஆறி, அந்த இடத்தில் புதுச் செதில் மினுங்கியது.

சந்தோஷத்தில் எகிறிக் குதித்தபோதுதான் கரையைப் பார்த்தது. அங்கே ஒரு முருங்கை மரம் மொட்டையாக நின்றது. அதனிடமிருந்து அதே வாடை வந்தது.

செவ்வந்தி கரையோரம் நீந்திப் போனது. தலையை நீட்டி, "மரமே, உன் இலையெல்லாம் எங்கே?" என்று கேட்டது.

"உனக்குள்ளேதான் நீந்திக்கிட்டு இருக்கு," என்றது மரம். "தண்ணிக்குள்ள எப்படி இருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. எப்படி இருக்குன்னு சொல்லேன்."

செவ்வந்தி அடி ஆழம் வரை ஒருமுறை போய் வந்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தது. மருதனும் பக்கத்தில் வந்து, திறந்த வாய் மூடாமல் கேட்டது.